குழி வெட்டினவர்களுக்கு

கல்லறைக் குழி வெட்டி வந்த ராஜதாஸ் கிளாசை வாய்க்குக் கொண்டுபோனபோதுதான் லிஜா அடுக்களை வாசலில் வந்து நின்றாள். காலையிலிருந்து அப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அழுதுகொண்டிருந்தவள்.

"அண்ணே, குடிக்காதிய."

குழி வெட்டி வரும் நாலு பேருக்கும் வீட்டில் ஊற்றிக் கொடுப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். லிஜாவின் அம்மா புஷ்பபாயின் தம்பி விஜயதாஸ் எங்கோ மலிவாக ஒரு கேன் சாராயம் வாங்கி வந்திருந்தான்.

லிஜா ஒரு கிளாசை எடுத்து, கைப்பையிலிருந்த சின்னக் குப்பியிலிருந்து இரண்டு சொட்டு விட்டாள். விறகுப்புரை இருட்டில் வைத்து நீல டார்ச்சை அடித்தாள். சாராயம் பச்சையாக மினுங்கியது.

"நல்ல சாராயம் இப்பிடி மினுங்காது. மெத்தனால் உண்டு. குடிச்சா கண்ணு போவும், உசிரும் போவும்."

விஜயதாசுக்குச் சுள்ளென்று ஏறியது. "அப்பன் பெட்டியில கெடக்கியாரு. பெம்பிள்ள சாராயத்த நோண்டிக்கிட்டு நிக்குது. சபைக்காரங்க என்ன சொல்லுவாவ?"

ராஜதாசும் கிளாசை விடாமல் புஷ்பபாயிடம் முறையிட்டான். "வெயில்ல வெட்டினோம் அக்கா. டார்ச்சு அடிச்சா எல்லாந்தான் மினுங்கும்."

எல்லோரும் புஷ்பபாயைப் பார்த்தார்கள். சபைக்காரர்கள் என்றதும் அவளுக்குச் சுருக்கென்றது. சாராயத்தில் விஷம் இருந்தால் காட்டிக்கொடுக்கிற மருந்தை மகள் செய்கிறாள் என்பதை இத்தனை வருஷம் மறைத்தவள் அவள்தான். கேட்டவர்களிடமெல்லாம் மாத்திரைக் கம்பெனியில் வேலை என்பாள். புருஷன் சுந்தரதாஸ்தான் டீக்கடையில், சர்ச் முற்றத்தில் என்று போகிற இடமெல்லாம் பீற்றிக்கொள்வார். "சும்மா கெடயும்" என்று இவள் அதட்டுவாள். இனிப் பீற்றிக்கொள்ள ஆளில்லை.

எழுந்து போய் ராஜதாசின் கிளாசைப் பிடுங்கினாள்.

"எலே, இந்த மருந்த உண்டாக்கினதே என் மவளாக்கும்!" பந்தலில் பாட்டு நின்றுபோனது. "சாராயத்தில வெசம் உண்டான்னு பாக்கிய மருந்து. இதுக்க அப்பன் சொல்லும்பம் எல்லாம் நாந்தான் வாயப் பொத்தினேன்."

மற்ற மூன்று கிளாஸ்களும் தரைக்கு வந்தன. விஜயதாசின் முகம் வெளிறிவிட்டது.

"மக்கா, எக்சைஸ்காரனுக்கு விளிக்கட்டா?"

"விளியுங்க மாமா. வேற யாரெல்லாம் வாங்கினாவன்னும் சொல்லுங்க. சீக்கிரம்."

கல்லறைத் தோட்டத்தில் அந்த நாலு பேரும்தான் கயிறு பிடித்தார்கள். பொழியூரிலிருந்து வந்த ஒருத்தி புஷ்பபாயின் காதோரம் கேட்டாள்.

"மவளுக்கு என்ன வேல?"

பெட்டி இறங்கிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள்ளும் கேட்கிற மாதிரி புஷ்பபாய் சொன்னாள்.