பிளாட்டிபஸ் இல்லாத ஓடை

என் கணவர் டெஸ் பிடிவாதத்துக்குப் பேர்போனவர். எங்கள் ஓடையில் பிளாட்டிபஸ் என்கிற வாத்து அலகுப் பிராணி கிடையாது என்று மூன்று வருடமாக ஊர்க் கூட்டத்தில் அடித்துப் பேசிவந்தார். அது சட்டம் பாதுகாக்கும் பிராணி; இருந்தால் தடுப்பணை கட்ட விடமாட்டார்கள். அணை இல்லையென்றால் அடுத்த கோடைக்கு நாற்பது பசுக்களையும் விற்க வேண்டியதுதான். வியாழக்கிழமை கடைசிக் கூட்டம்.

செவ்வாய்க்கிழமை காலை, ஓடையில் யாபி இறால் பிடிக்கக் கூண்டு வலை இறக்கினார். தடை செய்த வலை. உள்ளே போனது வெளியே வர முடியாது. பிளாட்டிபஸ் சிக்கினால் மூச்சுவிட மேலே வரமுடியாமல் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். நான் சொன்னால், "இல்லாத பிராணி எப்படிடி சாகும்?" என்பார்.

வலை தரை தொட்ட கொஞ்ச நேரத்தில் ஒன்று வந்தது. கண்ணையும் காதையும் இறுக மூடிக்கொண்டு, முன்னங்கால் சவ்வால் தண்ணீரைத் தள்ளி, அலகாலேயே இரை தேடியபடி நேரே வலைக்குள் போனது.

நான் வாயைத் திறக்கவில்லை. டெஸ்ஸும் ஒரு நிமிடம் அசையாமல் நின்றார். பிறகு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கத்தியால் வலையைக் கிழித்துக் கையை விட்டார். ஆண் பிராணி. மாதமோ ஆகஸ்ட், ஆணுக்குப் பின்னங்கால் முள்ளில் விஷம் ஏறியிருக்கும் காலம். மரியாதையாக ஒரு குத்து குத்திவிட்டு நீந்திப் போய்விட்டது.

ஆஸ்பத்திரி போவதற்குள் கை பன்றித் தொடை மாதிரி வீங்கிவிட்டது. எங்கள் நல்ல நேரம், அன்று இருந்த நர்ஸ் கிளெனிஸ். ஊரில் பிளாட்டிபஸ் கணக்கெடுக்கும் குழுவுக்கு அவள்தான் செயலாளர்.

"என்னப்பா குத்துச்சு?"

"முள்ளு."

"என்ன முள்ளு?"

"முள்ளுன்னா முள்ளுதான்! ரோஜா முள்ளு!"

மார்ஃபின் ஊசி போட்டாள். வலி கேட்கவில்லை. இன்னொன்று போட்டாள். டெஸ் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதார்.

கிளெனிஸ் நிதானமாகச் சொன்னாள்: "மார்ஃபினுக்கே மசியாத குத்து, எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுதான் டெஸ். அதுன்னா நரம்பையே மரத்துப்போக வைக்கிற ஊசி இருக்கு. ரோஜா முள்ளுக்கு அது எதுக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"பிளாட்டிபஸ்," என்றார். "எங்க ஓடைதான். வலையும் என்னுதுதான்."

சிரிக்காமல் மூன்றையும் எழுதிக்கொண்டாள். பிறகு டாக்டரைக் கூப்பிட்டாள்.

திரும்பும்போது வண்டியை நான்தான் ஓட்டினேன். ஆத்திரம் தாங்கவில்லை. "பாவி மனுஷா! இன்னும் ரெண்டு நிமிஷம் கரையிலயே நின்னிருந்தா, நீ சொன்னபடியே ஓடையில ஒண்ணும் இல்லாம போயிருக்கும். நாப்பது மாடுய்யா!"

அவர் வீங்கின கையை மடியில் ஏந்திக்கொண்டார்.

"கண்ணத் தொறக்காமலே வலைய முட்டிக்கிட்டே இருந்துச்சு ரோண்டா. எவ்ளோ நேரந்தான் பாத்துக்கிட்டு நிக்கறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாடுகளுக்காக அழுகிறேன் என்று நினைத்து, நல்ல கையால் என் தோளைத் தட்டிக்கொண்டே வந்தார்.