கடைசிக் கட்டம்

அந்த மருத்துவமனையில் பரிசோதனை முடிவுகளைக் கவனிக்கும் மேசைக்காரருக்கு எல்லோரும் வைத்த பெயர் விடாக்கண்டன். சும்மா வைக்கவில்லை. முடிவு மோசமாக வந்தால் கம்ப்யூட்டரில் அந்த வரி சிவப்பாகும்; டாக்டர் திறந்து பார்த்தால் சிவப்பு போய்விடும். ஊருக்கெல்லாம் அது போதும், இந்த மனிதருக்குப் போதாது. சாஃப்ட்வேர்காரர்களின் உயிரை வாங்கி, வரியின் கடைசியில் ஒரு கட்டம் போட வைத்தார். நோயாளியிடம் சொன்னாயிற்றா, அவர் என்ன பதில் சொன்னார் என்று அதில் எழுத வேண்டும். எழுதும் வரை வரி அவருடைய பட்டியலை விட்டுப் போகாது. ‘சரி’ என்று மட்டும் எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்.

டாக்டரம்மாவுக்கு இது பெரிய தலைவலி. ஒரு நாளைக்கு எழுபது பேரைப் பார்க்கிறவள், ஒவ்வொருவர் சொன்னதையும் கதை எழுதுவது போல எழுதிக்கொண்டிருக்க முடியுமா? மனுஷன் பிராணனை எடுக்கிறார் என்று பலமுறை புலம்பியிருக்கிறாள்.

அன்று பதினொன்றரை மணிக்கு ஒரு தையல்காரரின் ரத்தப் பரிசோதனை முடிவைத் திறந்தாள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர். ஐந்தைத் தாண்டக் கூடாத பொட்டாசியம் ஆறு புள்ளி ஒன்பது! எந்த நிமிடமும் இதயம் நின்றுபோகலாம். போனை எடுக்கக் கை நீட்டியபோதே, வலிப்பு வந்த ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். குழந்தை பிழைத்தது. திரும்பி வந்தால், நோயாளிகளின் வரிசை வாசல் வரை நின்றது. திரையில் சிவப்பு இல்லை, அவள்தான் திறந்துவிட்டாளே. தையல்காரரை அடியோடு மறந்துபோனாள்.

மூன்று மணிக்கு விடாக்கண்டன் கதவருகே வந்து நின்றார்.

“டாக்டர், அந்தத் தையல்காரர் என்ன சொன்னாரு? கட்டம் காலியா இருக்கு.”

அவள் போனைப் பாய்ந்து எடுத்தாள். மூன்றரை மணி நேரம் போயிருந்தது.

தையல்காரரின் போன் அணைந்திருந்தது. ஆனால் பரிசோதனைக்குப் பெயர் பதியும்போதே இரண்டாவது எண் ஒன்றைக் கேட்டு வாங்காமல் விடாக்கண்டன் யாரையும் விட்டதில்லை. பெண் கொடுக்கப் போகிறவர் மாதிரி விசாரிக்கிறீர்களே என்று தையல்காரரே அன்று கிண்டல் செய்தார். அந்த எண் அவர் மனைவியுடையது. துணி வெட்டும்போது கவனம் சிதறக் கூடாதென்று போனை அணைத்துவைப்பார் என்று சொல்லிக்கொண்டே அந்த மனைவி கடைக்கு ஓடினாள். தன் போனைக் கணவரின் காதில் வைத்தாள்.

கால் கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான் என்றார் தையல்காரர். பத்துச் சீருடை பாக்கி, நாளைக்கு வருகிறேன் என்றார். டாக்டரம்மா விளக்கினாள், கெஞ்சினாள். மனிதர் மசியவில்லை. விடாக்கண்டன் போனை வாங்கினார்.

“நாளைக்குன்னு ஒண்ணு வேணும்னா இப்பவே கிளம்புங்கண்ணே. நீங்க வந்து சேர்ற வரைக்கும் நான் போனை வைக்க மாட்டேன்.”

வைக்கவும் இல்லை. போனைக் காதில் வைத்தபடியே, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசலில் போய் நின்றார்.

வந்ததும் ஈசிஜி எடுத்தார்கள். இதயம் தாறுமாறாக எழுதிக் காட்டியது. ஊசியும் மருந்தும் ஏறின. ஆறு மணிக்கு மறுபடி ரத்தம் பார்த்தபோது பொட்டாசியம் ஐந்து புள்ளி நான்குக்கு இறங்கியிருந்தது. டாக்டரம்மா கட்டிலருகே உட்கார்ந்து, ஒளிக்காமல் சொன்னாள்: காலையிலேயே பார்த்துவிட்டேன், மறந்துபோனேன், மேசைக்காரர்தான் விடவில்லை என்று.

தையல்காரர் தலையைத் தூக்கி மேசை இருந்த பக்கம் பார்த்தார்.

“அவருக்கு ஒரு சட்டை தைக்கணும் டாக்டர். அளவு வாங்கிட்டு வாங்க.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. என்ன மனுஷன், இவரைப் போய் வாய்க்கு வந்தபடி பேசினோமே என்று நினைத்துக்கொண்டே மேசைக்குப் போய், அந்தப் பதிலை அப்படியே கட்டத்தில் எழுதினாள்.

விடாக்கண்டன் படித்தார். சிரிப்பார் என்று பார்த்தால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

“சட்டை இருக்கட்டும் டாக்டர். அடுத்த டெஸ்ட் எப்பன்னு அவருக்குத் தெரியுமா?”

அவள் தையல்காரரின் கட்டிலுக்குத் திரும்பிப் போனாள்.