எங்க வீட்டுப் பை

குப்பை பிரிக்கும் கொட்டகையில் எந்தப் பையையும் முதலில் குச்சியால் தட்டுவார்கள். உள்ளே கண்ணாடி இருந்தால் சத்தம் கேட்கும். அன்று அக்கா குச்சியை எடுத்ததும், பக்கத்தில் நின்ற தங்கை சிரித்தாள்.

"அது எங்க வீட்டுப் பைதான், அக்கா. நான் போட்ட முடிச்சு. காய்த்தோல் மட்டும்தான் இருக்கும். கண்ணாடிய நாங்க தனியாத்தானே வைப்போம்."

"ஆமா, உங்க வீட்டுக் குப்பை தலைசீவி பவுடர் போட்டுட்டுத்தான் வரும்," என்று அக்கா குச்சியைத் தட்டாமலே வைத்துவிட்டுக் கையை உள்ளே விட்டாள்.

உடைந்த கண்ணாடித் தம்ளர் ஒன்று கையுறையைக் கிழித்து உள்ளங்கையில் இறங்கியது. தையல் போட்ட மருத்துவர், இரண்டு விரல்கள் இனி மடங்காது என்றார்.

வீட்டில் தங்கையின் மகள் அழுதாள். "நீ திட்டுவேன்னு பயந்து தோலுக்குள்ள ஒளிச்சேம்மா. குப்பைதானே, எங்கயோ போயிரும்னு நினைச்சேன்."

"எங்கடி போகும்? எங்க கைக்குத்தான் வரும்."

"அது நம்ம வீட்டுப் பைன்னு பெரியம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாம? மேஸ்திரி கேட்டதுக்கு, யார் வீட்டுப் பையோ தெரியலைன்னு சொல்லிட்டா."

ஓங்கிய கையை அம்மா இறக்கிக்கொண்டாள். அடித்திருந்தாலாவது தேவலை என்றிருந்தது மகளுக்கு.