ப்ளெட்சோவின் பாதிக் கோழி

கான்சாஸில் முகாமிட்டிருந்த அந்தக் காலாட்படை ரெஜிமெண்டுக்கு வயது நூற்றறுபது தாண்டிவிட்டது. ஆண்டுவிழா மதிய விருந்தில் அதன் முழு வரலாற்றையும் வாசிப்பார்கள். கியூபா, பிரான்ஸ், கொரியா என்று எத்தனை சண்டை போட்டிருந்தால் என்ன, பாவிகள் காத்துக்கிடப்பது உள்நாட்டுப் போரைச் சொல்லும் முதல் பக்கத்துக்குத்தான். 'சிப்பாய் ஈனாக் ப்ளெட்சோ கர்னலின் கோழியைத் திருடிக்கொண்டு ஹார்லன் பாலத்துச் சண்டையிலிருந்து ஓடிப்போனான்' என்ற வரி வந்ததும், வாசிப்பவர் மேல் ஆளுக்கொரு பன்னை எறிய வேண்டும். அதுதான் வழக்கம். சமையற்கூடத்தில் இதற்கென்றே முந்நூறு பன் கூடுதலாகச் சுடுவார்கள்.

புதிதாக சார்ஜெண்ட் ஆனவர்தான் வாசிக்க வேண்டும். இந்த வருடம் அது ரோஸ்லின் ப்ளெட்சோ. சாட்சாத் அந்த ஈனாக்கின் வம்சம்!

"தலையில ஹெல்மெட் போட்டுட்டு வாசி, கோழி," என்றான் பக்கத்தில் இருந்த சார்ஜெண்ட் டியுப்ரே.

"வாயை மூடு. அடுத்த வருஷம் நீ எதை எறியப்போறேன்னு பார்க்கிறேன்."

சொல்லிவிட்டு ரோஸ்லின் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அங்கே முன்னாள் வீரர்களின் மேஜையில் அவளுடைய அப்பா வெண்டல் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவரும் இதே ரெஜிமெண்டில் இருபது வருடம் இருந்தவர். இரண்டு போருக்குப் போய் வந்தவர். ஆனாலும் அந்த வரி வரும்போதெல்லாம் தலை குனிந்துகொள்வார். ஒரு பன்னைக்கூட அவர் கையால் தொட்டதில்லை. கோழி திருடியது அவரை உறுத்தவில்லை. ஓடிப்போனான் என்ற சொல்தான் அறுத்தது.

ரோஸ்லின் எழுந்தாள். கூடம் முழுக்கக் கைகள் பன் கூடைக்குப் போயின. அந்த வரியை வாசித்தாள்.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள். "எறியறதுக்கு முன்னாடி இன்னொரு காகிதம் இருக்கு. டொபீகா ஆவணக் காப்பகத்துல கிடைச்சுது. நம்ம முதல் கர்னல், பாலத்துச் சண்டை முடிஞ்ச மறுநாள் பொண்டாட்டிக்கு எழுதின கடிதம்."

ஓங்கிய கைகள் அப்படியே நின்றன. அவள் படித்தாள்.

"'அந்தப் போக்கிரி ப்ளெட்சோ என் கோழியைத் திருடிச் சுட்டுவிட்டான். கையும் களவுமாகப் பிடித்தேன். பாதியை எனக்கே நீட்டினான். பசி, வாங்கித் தின்றுவிட்டேன். பிறகு நாள் முழுக்கப் பாலத்தில் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனைப் பாராட்டி எழுதினால் நானும் பாதி தின்றது வெளியே வரும். அதனால் ஓடிவிட்டான் என்று எழுதிவிட்டேன்.'"

ரோஸ்லின் கடிதத்தை உயர்த்திக் காட்டினாள்.

"திருடன்னு சொல்லுங்க, வாங்கிக்கிறோம். ஓடினவன்னு மட்டும் சொல்லாதீங்க."

ரெஜிமெண்டின் இப்போதைய கர்னல் கெண்ட்ரிக் அம்மாள் எழுந்து வந்தார். கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். பேனாவை எடுத்து வரலாற்றுப் புத்தகத்தில் ஓடிப்போனதை மட்டும் அடித்தார். கோழியைத் தொடவில்லை.

"திருட்டு திருட்டுதான், சார்ஜெண்ட். ஆனா தின்னவரையும் சும்மா விடக்கூடாது." சுவரில் மீசையோடு தொங்கிய முதல் கர்னலின் படத்தின் மேல் முதல் பன்னை அவரே வீசினார். குறி தப்பவில்லை.

அவ்வளவுதான், கூடம் வெடித்தது. பன்களில் பாதி படத்துக்கு, பாதி ரோஸ்லினுக்கு. டியுப்ரே இரண்டு கையாலும் எறிந்தான், கிராதகன். அவள் தலையை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அப்போது ஒரு பன் பின்மேஜையிலிருந்து வந்து அவள் மூக்கில் பட்டது. நிமிர்ந்து பார்த்தாள். அப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார். கண்ணெல்லாம் தண்ணீர், கையில் அடுத்த பன்.

"கோழித் திருடன் பேத்தி!" என்று கத்திக்கொண்டே எறிந்தார்.