பதினோராவது பிரதி

அந்தக் கருவியைத் தம்பிதான் கொண்டுவந்து மேசையில் வைத்தான். உள்ளங்கை அகலம், சாம்பல் நிறம், ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி. மாணவரின் அடையாள அட்டையை அதன்மேல் காட்ட வேண்டும், பிறகு புத்தகத்தின் பின்னட்டையில் ஒட்டிய எண்ணைக் காட்ட வேண்டும். யார், எந்தப் புத்தகம், எத்தனையாவது பதிப்பு என்பதெல்லாம் கல்லூரி அலுவலகத்துக்குத் தானாகப் போய்விடும்.

"இனிமே இது இல்லாம ஒரு புத்தகம்கூட விக்கக் கூடாதுக்கா. சட்டம்" என்றான். சொல்லும்போது அவன் முகத்தில் பெருமை இருந்தது. உண்மையைச் சொன்னால், அவன் அக்காவின் முகத்திலும் இருந்தது.

கல்லூரியின் பின்வாசலுக்கு எதிரே அவள் பதினெட்டு வருடமாகப் பாடப்புத்தகம் விற்கிறாள், புதுசும் பழசும். புத்தகக்கா என்றால்தான் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பக்கத்துக் கடைக்காரரே யார் என்று விழிப்பார். இந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்கியவர்களில் அவளும் ஒருத்தி. சில பேராசிரியர்கள் தாங்கள் எழுதிய புத்தகத்துக்கு வருடாவருடம் அட்டையை மாற்றி, பக்க எண்ணைக் கலைத்து, புதுப்பதிப்பு என்று போடுவார்கள். அதை வாங்காதவனுக்கு உள்மதிப்பெண் கிடையாது என்பதை வாயால் சொல்ல மாட்டார்கள், பார்வையால் சொல்வார்கள். பழைய புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இது போதுமா போதாதா என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் மனு எழுதினாள். நானூறு கையெழுத்து சேர்ந்தது. முதல் கையெழுத்து அவளுடையது. இரண்டு வருடம் கழித்து ஒழுங்குமுறை வந்தது: விலைக்கு உச்சவரம்பு, யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, பதிவுபெற்ற கடைகளில் மட்டும் விற்பனை. அதற்காகவே கல்லூரி அலுவலகத்தில் திறந்த பிரிவில் தம்பிக்கு எழுத்தர் வேலையும் கிடைத்தது. அன்றைக்கு அவள் அலமாரிகளுக்கு நடுவில் போய் நின்று, சத்தம் வராமல் அழுதாள்.

முதல் மூன்று சுற்றறிக்கைகளும் நியாயமாகவே இருந்தன. நான்காவது ஒரே ஒரு வரி. இரண்டாம் ஆண்டு கட்டடப் பொறியியல், பழைய பதிப்பு, திரும்பப் பெறப்படுகிறது. காரணம் இல்லை. கையெழுத்து மட்டும் இருந்தது. கடையில் மிச்சமிருந்த பிரதிகளைத் தம்பி சாக்கில் கட்டி எடுத்துப்போனான்.

காரணம் அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. பத்து நாளைக்கு முன்னால் ஒரு பெண் வந்து சொல்லியிருந்தாள். அலமாரியின் மேல்தட்டைக் கை நீட்டியே எடுக்கும் உயரம். அவள் சிநேகிதிகள் நெட்டை என்று கூப்பிடுவார்கள். கட்டடப் பொறியியல் படிக்கிறவள். வாங்கிய புத்தகத்தையே திரும்பக் கொண்டுவந்து மேசையில் விரித்தாள்.

"புத்தகக்கா, இந்தப் பதினாலாவது கணக்கப் பாருங்க."

"எனக்கென்னடி தெரியும். நான் அட்டையப் பாத்து விக்கிறவ."

"இது எங்க ஹாஸ்டல்க்கா. பேரு போடல, ஆனா அதே அளவு, அதே தூண். எழுதினவரு இங்கதான் வாத்தியாரா இருந்திருக்காரு. மூணு மாடிக்கு மேல தாங்காதுன்னு விடை வருது. நாலு தடவ போட்டுப் பாத்துட்டேன்."

"இப்ப எத்தனை மாடி?"

"அஞ்சாவது ஏத்திட்டு இருக்காங்க."

"வகுப்புல கேக்கலாமில்ல?"

"கேட்டேன்."

"இப்ப பாடம் எடுக்கறவரு என்ன சொன்னாரு?"

"ஜன்னலச் சாத்தச் சொன்னாரு" என்றாள் நெட்டை. சிரிக்கவில்லை.

சுற்றறிக்கை வந்த இரண்டாம் நாள் பிரிவின் மேற்பார்வையாளரே கடைக்கு வந்தார். மழைக்கு ஒதுங்கியவரைப் போல ஓரமாக நின்றார். காலில் பளபளக்கும் கறுப்புச் சப்பாத்து. நல்ல மனிதரின் குரல். அலமாரியில் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "கடைய சுத்தமா வச்சிருக்கீங்கம்மா" என்றார். பிறகு, "உங்க கடைலேர்ந்து அந்தப் பதிப்பு பதினோரு பேருக்குப் போயிருக்கு. தப்பில்ல, அறிக்கைக்கு முன்னாடி வித்தது. ஒவ்வொருத்தரா கொண்டுவந்து இங்க குடுப்பாங்க. வாங்கி வைங்க."

"பிள்ளைங்க படிக்கிற புத்தகமாச்சே சார்."

"முதல் கையெழுத்து உங்களுதுதானே? ஒழுங்கு வேணும்னு கேட்டதே நீங்கதான்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதை என்று அவளுக்கே ஒரு சிரிப்பு வந்தது.

மறுநாள் காலையிலிருந்து புத்தகங்கள் திரும்பி வரத் தொடங்கின. யாரும் விலையைத் திருப்பிக் கேட்கவில்லை. மற்ற நாட்களில் மேசையில் சாய்ந்துகொண்டு ஊர்க்கதை பேசுகிற பிள்ளைகள், புத்தகத்தை வைத்துவிட்டு வாசலைப் பார்த்தே பேசினார்கள். "என்னடா, யாராவது மிரட்டினாங்களா?" என்று ஒருவனைக் கேட்டாள். "இல்லக்கா, வீட்டுக்கு ஒரு ஃபோன் வந்துச்சு. ரொம்ப மரியாதையாத்தான் பேசினாங்களாம்" என்றான். எல்லாப் பிரதியும் ஒரே பக்கத்தில் தானாகத் திறந்தது. அத்தனை பேரும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தார்கள். சிலர் பென்சிலால் எழுதியதை அழித்திருந்தார்கள். அழித்த இடம் பளிச்சென்று தெரிந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பத்துப் பிரதிகள் வந்துவிட்டன. தம்பி வந்து எண்களைச் சரிபார்த்தான். நெற்றியில் வியர்வை.

"ஒண்ணு குறையுதுக்கா."

"தெரியும்."

"அந்த நெட்டப் பொண்ணு. ஹாஸ்டல்ல தேடினாங்க, இல்ல. எங்கயோ மறைச்சு வச்சிருக்கா. திங்கக்கிழமை நகராட்சிக்குத் தூக்கிட்டுப் போகப் போறாளாம். அவ யாரையும் நம்ப மாட்டேங்கறா. உன்ன நம்புவா." அவன் குரலைத் தாழ்த்தினான். "நீ ஒரு வார்த்த கூப்பிடு. அடுத்த வருஷத்துப் புத்தகம் வந்திருக்கு, கடைக்கு வாம்மான்னு. அவ்ளோதான்."

"வந்தா?"

"பேசுவாங்க."

"என்ன பேசுவாங்க?"

தம்பி பிரதிகளை இன்னொரு தடவை எண்ணினான். அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது. பொய் சொல்லும்போது காது மடலைத் தடவும் பழக்கம் அன்றே உண்டு. இப்போது தடவவில்லை. அவனுக்கே தெரியாது என்பது அவளுக்குப் புரிந்தது.

"என் வேல போயிடும்க்கா."

"போகட்டும். இங்க வந்து உக்காரு, சேர்ந்து விப்போம். அந்தப் பொண்ண நான் கூப்பிட மாட்டேன்."

அவன் பத்துப் பிரதிகளையும் அணைத்துத் தூக்கிக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனான்.

சனிக்கிழமை அவளுக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. அந்தப் பெண்ணை எச்சரிக்கலாமென்றால் எண் கிடையாது. கருவியில் தேடினாள். பெயர் வந்தது, புத்தகம் வந்தது, தொலைபேசி எண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நட்சத்திரக் குறிகள் வந்தன. விற்றது அவள்; தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் வேறு யாரோ. பதினோரு மணிக்குக் கதவை இழுத்துப் பூட்டிவிட்டு விடுதிக்கு நடந்தாள்.

வாசலில் இருந்த காவல்காரம்மா, தன் மகளுக்கு மூன்று வருடமும் புத்தகம் கொடுத்தவள் என்பதால் அவளை உள்ளே விட்டாள். மேலே ஐந்தாவது மாடியில் கலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் அதிர்வு கைப்பிடிச் சுவரில் கை வைத்தால் தெரிந்தது. கீழ்த்தளத் தூண்களுக்கு மட்டும் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், ஈரம் காயவில்லை. இரண்டாவது மாடியில் பாதி அறைகளின் கதவுகள் சாத்தாமலே கிடந்தன. நிலை கோணிவிட்டதால் சாத்த முடியவில்லை. பெண்கள் கதவிடுக்கில் செய்தித்தாளை மடித்துச் செருகியிருந்தார்கள். ஒரு அறைக்குள் யாரோ பாடம் மனப்பாடம் செய்துகொண்டிருந்தது கேட்டது.

நெட்டையின் அறைத்தோழி தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள்.

"நீங்க ஏன்க்கா இங்க வந்தீங்க? அவ உங்க கடைக்குத்தானே போனா."

"என் கடைக்கா?"

"அர மணி நேரம் ஆச்சு. உங்க கடைலேர்ந்து ஃபோன் வந்துச்சே. இந்த ஒரு வாரமா யார் ஃபோன் வந்தாலும் எடுக்க மாட்டேன்னு இருந்தா. புத்தகக்காவோட தம்பி பேசறேன், அக்கா உன்னப் பாக்கணுங்கறாங்கன்னு சொன்னாராம். அப்புறந்தான் செருப்ப மாட்டினா."

"கையில ஏதாவது எடுத்துட்டுப் போனாளா?"

அந்தப் பெண் தயங்கினாள். "புத்தகத்த எடுத்துட்டுப் போனா. உங்ககிட்ட குடுத்து வச்சாப் பத்திரமா இருக்கும்னு."

படிகளில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்குத் தெரியாது. எதிரே செங்கல் சுமந்து ஏறியவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். குறுக்கு வழியாகத்தான் விடுதிக்கு வந்திருந்தாள். அந்தப் பெண் பெரிய வீதி வழியாகப் போயிருக்க வேண்டும். அவள் போட்ட பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று எப்போதும் தம்பியிடம்தான். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அவளே கொடுத்தது.

தெருமுனையில் திரும்பியபோது, சனிக்கிழமை மத்தியானத்துக்கு உரிய கூட்டத்தோடு தெரு அதன்பாட்டுக்கு இருந்தது. அவள் கடையின் இரும்புக் கதவு முழங்கால் உயரத்துக்குத் திறந்திருந்தது. அடியில் கால்கள் தெரிந்தன. கறுப்புச் சப்பாத்து ஒரு சோடி. வார் தைத்த தோல்செருப்பு ஒரு சோடி, அது அவள் தம்பிக்கு வாங்கிக் கொடுத்தது. அவற்றுக்கு எதிரே, அலமாரியோடு ஒட்டி, நீல ரப்பர் செருப்பில் இரண்டு நீளமான பாதங்கள், ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன.

கதவு மெல்ல இறங்கத் தொடங்கியது.

அவள் ஓடினாள். யாரோ சைக்கிளை ஒடித்துத் திருப்பித் திட்டினார்கள். மண்டியிட்டு, இறங்குகிற இரும்புக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்தாள். அது விரல்களின் மேல் வந்து நின்றது.

"அக்கா, கைய எடு" என்றது தம்பியின் குரல், உள்ளேயிருந்து, மிகவும் தாழ்வாக.

அவள் எடுக்கவில்லை. விரலிடுக்கு வழியே தெரிந்த தரையில், நீலச் செருப்புகள் அவள் இருந்த பக்கம் திரும்பின.