ஆரஞ்சு சட்டை போட்ட தோர்பெக்

ஹாலந்துக்காரன் என்றால் பந்தாட்டக்காரனாகத்தான் இருப்பான். எங்கள் ஏரியாவில் இதற்கு மேல் யோசிக்கிறவன் கிடையாது. எங்கள் கிளப்பில் நடந்த அரசியல் சட்ட நாள் கூட்டத்தில் என் மகள் மகிழினி ஹாலந்து நாட்டுத் தோர்பெக்கைப் பற்றிப் பேசப்போகிறாள் என்றதும், நானே பேனர் கடைக்குப் போய் ஹாலந்து டீமின் ஆரஞ்சு சட்டை, காலடியில் பந்து என்று அடிக்கச் சொல்லிவிட்டேன். முகம் கிடைக்கவில்லை. கடைக்காரன் கம்ப்யூட்டரில் இருந்த எவனோ ஒருவன் முகத்தை ஒட்டிவிட்டான்.

திருவொற்றியூரில் இந்தக் கால்பந்து கிளப்பை முப்பத்தோரு வருஷத்துக்கு முன் ஆரம்பித்தவன் நீலமேகம், அதாவது நான். அன்றிலிருந்து தலைவரும் நான்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு வந்து இந்தக் கையால் கோல் கம்பம் நட்டேன். அதனால் யார் ஆடுவது, யார் வெளியே உட்காருவது எல்லாம் என் வாய்ச்சொல்தான்.

நாலு வருஷத்துக்கு முன் ஒன்பது பேர் சேர்ந்து ஒரு மனு கொடுத்தார்கள். உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு ஒரு குழு அமைக்க வேண்டுமாம், அந்தக் குழுதான் டீமை எடுக்க வேண்டுமாம், கேட்டால் பதிலும் சொல்ல வேண்டுமாம். முதல் கையெழுத்து பெண்கள் அணிக் கோல்கீப்பர் மகிழினியுடையது. எனக்கு வந்ததே கோபம். தாளை எட்டாக மடித்து, தள்ளாடிக்கொண்டிருந்த கேரம் போர்டு ஸ்டாண்டின் காலுக்கு அண்டக் கொடுத்தேன். வேறொருவன் டீம் எடுக்கிற நாளில் கிளப்பைப் பூட்டிச் சாவியைக் கடலில் போடுவேன் என்றேன். வீட்டில் ஒரு மாதம் பேச்சில்லை. அவள் போய்ச் சட்டக் கல்லூரியில் சேர்ந்தாள்.

கூட்டத்தன்று அம்பேத்கர் படத்துக்கு மாலை போட்டோம். மகிழினி பேனரைப் பார்த்தாள்.

“நைனா, இவரு பந்து ஆடுனவரு இல்ல. சட்டம் எழுதுனவரு.”

கூட்டம் சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

பிறகு பேசினாள். கையில் தாள் இல்லை. அந்த மனிதர் பிறந்தது 1798-ல். அப்பா நொடித்துப்போன புகையிலை வியாபாரி. மகன் படித்துப் பேராசிரியரானார்.

“அந்த ஊர்ல அப்போ மந்திரிங்க ராஜாவுக்குத்தான் பதில் சொல்வாங்க. 1844-ல தோர்பெக்கையும் சேத்து ஒம்போது பேரு, சட்டத்த மாத்தணும்னு எழுதிக் குடுத்தாங்க. எடுபடல.”

ஒன்பது என்றதும் எல்லாத் தலையும் கேரம் போர்டுப் பக்கம் திரும்பின. என் தலையும்தான்.

“நாலு வருஷம் கழிச்சு ஐரோப்பா பூராவும் கலவரம். ராஜா ஒரே ராத்திரில மனச மாத்திக்கினாரு. தோர்பெக் தலைமையில குழு உக்காந்து எழுதுச்சு. ராஜாவ யாரும் குத்தம் சொல்ல முடியாது, மந்திரிங்கதான் சபைக்குப் பதில் சொல்லணும்னு. அப்பால அவரே மூணு தபா ஆட்சிய நடத்துனாரு. ஆம்ஸ்டர்டாமுக்கும் ராட்டர்டாமுக்கும் கப்பல் வர கால்வாய் வெட்ட அவரு ஆட்சிலதான் சட்டம் போட்டாங்க. 1872-ல பதவில இருக்கசொல்லவே செத்துப் பூட்டாரு.”

கப்பல் என்றதும் அந்த ஆள் மேல் எனக்கு ஒரு பிரியம் வந்துவிட்டது. ஆனால் கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. எழுந்தேன்.

“அந்த ராஜா இன்னா ஆனாரு? தொரத்தி வுட்டாங்களா?”

“இல்ல நைனா. ராஜாவாவே இருந்தாரு. அங்க இன்னிக்கும் ராஜா கீறாரு. மரியாதையா கீறாரு.”

கடைசிச் சொல்லை என்னைப் பார்த்துச் சொன்னாள். அத்தனை பேர் நடுவில் என்னைத் தலைகுனிய வைக்காமல், என் நாற்காலியையும் பத்திரமாக வைத்துவிட்டுப் பேசியிருக்கிறாள். இவள் என் மகள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. கேரம் போர்டைத் தூக்கச் சொல்லி அந்தத் தாளை எடுத்தேன். மடிப்பில் கிழிந்து, கறை பிடித்திருந்தது. ஒன்பது கையெழுத்துக்குக் கீழே பத்தாவதாக என்னுடையதைப் போட்டேன்.

கைதட்டல் அடங்கியதும், அந்த ஒன்பது பேரில் ஒருவனான தவ்ஃபீக் எழுந்தான்.

“அப்போ மொத கேள்வி. இந்த பேனர யாரு அடிச்சது? எவன் மூஞ்சி இது?”

“தலைவர கேக்கக் கூடாது,” என்றாள் மகிழினி. “செயலாளர்தான் பதில் சொல்லணும்.”

செயலாளர் ஜெபசிங் எழுந்தார். பாவம், அவருக்கு அந்த பேனரைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தேன்.

“நான்தான் அடிச்சேன். தப்பு என்னுது.”

முப்பத்தோரு வருஷத்தில் அந்தக் கிளப்பில் நான் பதில் சொன்ன முதல் கேள்வி அது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன்.