மூன்றாவது ஓலை

கனடாவிலிருந்து ஹோவர்டும் மியூரியலும் இந்த வருடமும் வருகிறார்கள் என்ற சேதி வந்தபோது வெர்லின் ஈரப்பலாவைத் தணலில் புரட்டிக்கொண்டிருந்தாள். சேதி கொண்டுவந்தவன் கத்பர்ட். கடிதங்கள் எல்லாம் அவன் கைப்பேசிக்குத்தான் வரும். அடுப்படி வாசலில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, பூசையில் பாதிரியார் படிப்பதுபோல் படித்தான்.

"எங்கள் செல்ல ஜோடிக்கு…"

"செல்ல ஜோடியாம். மேல படிய்யா."

திட்டத்தை மியூரியல் வழக்கம்போல் மணிக்கணக்கோடு எழுதியிருந்தாள். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாட அட்டவணை போட்ட கை. வியாழன் வந்து சேர்வது. வெள்ளி காலை கத்பர்ட்டின் படகில் மணல் தீவுக்குப் போய், கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் ஆமை பார்ப்பது. போன தடவை பார்த்த, முதுகில் வடு இருக்கும் ஆமை இருந்தால் விசேஷம். சனி வடக்கு மலை ஏற்றம், உச்சியில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும். ஞாயிறு நான்கு பேரும் ஒரே பெஞ்சில் கோயில். செவ்வாய் இரவு வெர்லின் வீட்டில் சிங்கி இறால், அதே மேசை, அதே நான்கு நாற்காலி.

"என்னைக்கு வர்றாங்களாம்?"

"பிப்ரவரி எட்டு."

வெர்லின் இடுக்கியைக் கீழே வைத்தாள். "எப்பவும் மார்ச்சுதானே?"

"இந்த வருஷம் பிப்ரவரியாம். அவங்க லீவு, அவங்க இஷ்டம். நான் என்ன பண்ணட்டும்?" என்ற கத்பர்ட் ஈரப்பலாவைப் பார்த்தான். "அது கருகுது பாரு."

பிப்ரவரி பதினொன்று ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் கோயிலில் வெர்லினுக்கும் நோலனுக்கும் மூன்றாவது ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்கப்போகிறார்கள். அதற்கு அடுத்த சனிக்கிழமை கல்யாணம். அதைத் தள்ளிப்போட்டால் தவக்காலம் வந்து குறுக்கே படுத்துக்கொள்ளும், பிறகு ஈஸ்டர் வரை வாயைத் திறக்க முடியாது. நாற்பத்தாறு வயதில் ஒருத்தி முதன்முதலாக மோதிரம் போடப்போகிறாள். அந்த வாரம் பார்த்து அவளுடைய பழைய ஆள் கத்பர்ட்டுக்குப் பெண்டாட்டியாக நடிக்கவேண்டிய முறை வந்து நிற்கிறது.

பொய் என்று சொன்னாலும் அது பொய்யாகப் பிறக்கவில்லை. ஹோவர்டும் மியூரியலும் ஆறு வருடத்துக்கு முன் முதல் தடவை வந்தபோது கத்பர்ட் "என் பெண்டாட்டி" என்று அவளைக் காட்டினான். மோதிரம் இல்லை, ஓலை இல்லை. ஆனால் ஒன்பது வருடம் ஒரே கூரையின்கீழ் இருந்தவர்கள். இந்தக் கரியாக்கு தீவில் பாதி வீடு அப்படித்தான், யாரும் கேட்கமாட்டார்கள். ஊருக்குத் திரும்பிய கையோடு மியூரியல் இணையத்தில் எழுதினாள்: புருஷன் மீனைக் காட்டுவான், பெண்டாட்டி மீனைச் சமைப்பாள், இந்த ஜோடியைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். அதற்குப் பிறகு வெர்லினின் சாப்பாட்டுக் கடையில் இருந்த மூன்று மேசையும் காலியாக இருந்ததில்லை. கத்பர்ட்டின் படகும் அப்படித்தான்.

கத்பர்ட்டுக்கு ஒரு வியாதி உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் பக்கத்துத் தீவுக்குப் போய் மூன்று வாரம் கழித்துச் சிரித்துக்கொண்டு வருவான். மூன்றாவது தடவை அவன் அப்படி வந்தபோது அவன் பெட்டி வாசலில் இருந்தது. அது நடந்து பத்தே நாளில் மியூரியல் இரண்டாவது தடவையாக வந்து இறங்கினாள், கையில் ஒரு மேசை விரிப்போடு. ஓரத்தில் நீல நூலால் 'கத்பர்ட் – வெர்லின்' என்று அவளே தைத்தது. அந்த விரிப்பைக் கையில் வாங்கிக்கொண்டு எப்படிச் சொல்வது? இந்த ஒரு தடவை போகட்டும் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். அந்த ஒரு தடவைக்கு இப்போது ஐந்து வயது. வெர்லினின் அம்மா இறந்தபோது மியூரியல் நாலு பக்கம் கடிதம் எழுதினாள். வருடம் கூடக்கூட வெர்லினின் வெட்கமும் கூடியது. முதல் வருடமே சொல்லியிருந்தால் அது வெறும் செய்தி. ஆறாவது வருடம் சொன்னால் துரோகம்.

ஊர் மட்டும் இதை நன்றாக அனுபவித்தது. அந்த ஒரு வாரம் தீவே சேர்ந்து நடிக்கும். மீன் விற்கும் எத்தலின் கூடையை இறக்கிவைத்து ஊருக்கே கேட்கும்படி கேட்பாள்: "என்னடி வெர்லின், இந்த வாரம் எந்தப் புருஷனுக்கு மீனு?"

அன்று சாயங்காலம் நோலன் வந்தான். வடகரையில் மரப்படகு கட்டுகிறவன். பேச்சையும் பலகையைப்போல அளந்துதான் வெட்டுவான். போன வருடம் அந்த ஒரு வாரத்துக்குத் தன் சட்டைகளை ஒரு பையில் திணித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனவன் அவன்தான். திரும்பி வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை.

"இந்த வாட்டி நான் பை கட்டமாட்டேன்," என்றான்.

"கட்டவேணாம். ராத்திரி சாப்பாடு செவ்வாய்க்கிழமை ஒரு நாள்தானே? அப்ப மட்டும்…"

"ஞாயித்துக்கிழமை?"

"அதுக்கு வழி வெச்சிருக்கேன். மலைய ஞாயித்துக்கிழமைக்கு மாத்திடுறோம். விடியக்காலைல கத்பர்ட் அவங்கள ஏத்திட்டான்னா மத்தியானம் வரைக்கும் இறங்கமாட்டாங்க. ஓலை வாசிச்சு முடிஞ்சிடும்."

நோலன் உள்ளங்கையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டினான். "நான் கோயிலுக்கு வருவேன். வலப்பக்கம் மூணாவது பெஞ்சு. நீ எங்க உக்காரணும்னு நீயே பாத்துக்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவன் கோபப்படவில்லை. அதனால் வெர்லினுக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

வியாழக்கிழமை படகுத்துறையில் மியூரியல் அவளைக் கட்டிக்கொண்டாள். ஹோவர்டு, உயரமான, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தொப்பியை எடுத்துக் கும்பிடாத குறையாக நின்றார். வெர்லினின் விரலில் எத்தலினிடம் இரவல் வாங்கிய மோதிரம் இருந்தது, இறுக்கமாக இருந்தது. பயணப் பெட்டிகளைக் கத்பர்ட் தூக்கிக்கொண்டு முன்னே போனான்.

"மார்ச்சுலதான் வரணும்னு இருந்தோம்," என்றாள் மியூரியல். "கத்பர்ட்தான் எழுதினாரு, பிப்ரவரில வாங்க, தண்ணி தெளிவா இருக்கும்னு. பதினோராம் தேதி ஞாயித்துக்கிழமை இங்க இருக்கிற மாதிரி வாங்கன்னு தேதியே குறிச்சுக் குடுத்தாரு. எவ்வளவு அக்கறை பாரும்மா!"

வெர்லின் சிரித்துவைத்தாள். முன்னே போகிற முதுகைப் பார்த்தாள். பெட்டிகளின் கனத்தில் அது கூனியிருந்தது, அவ்வளவுதான் தெரிந்தது. மறதிக்காரன், தெரியாமல் எழுதியிருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஆமை வந்தது, வடுவோடு. சனிக்கிழமை சாயங்காலம் வெர்லின் தன் தந்திரத்தை எடுத்துவிட்டாள். "மலை நாளைக்குப் போலாமே. இன்னைக்குத்தான் வெயில் ஜாஸ்தின்னு விட்டுட்டோம். நாளைக்கு விடிகாலைல குளிர்ச்சியா இருக்கும்."

"ஞாயித்துக்கிழமையா?" ஹோவர்டு புருவத்தை உயர்த்தினார். பள்ளிக்கூடத்தில் அந்தப் புருவத்துக்கே பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். "ஞாயித்துக்கிழமை கோயில்தாம்மா. மலை எங்கயும் ஓடிடாது, திங்கக்கிழமையும் அங்கயேதான் நிக்கும்."

அவள் கத்பர்ட்டைப் பார்த்தாள். ஒரு வார்த்தை துணைக்கு வரவேண்டும். "சார் சொல்றது சரிதானே," என்றான் கத்பர்ட். அவன் கோயிலுக்குப் போடும் சட்டையைத் தேய்த்து, ஏற்கெனவே ஆணியில் மாட்டியிருந்தான்.

ஞாயிறு காலை வெர்லின் தலைவலி என்றாள். மியூரியல் மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். கால் சுளுக்கு என்றாள். ஹோவர்டு கையைப் பிடித்துக்கொண்டார். இனிச் சொல்வதற்கு அவள் உடம்பில் உறுப்பு மிச்சமில்லை.

கோயிலில் இடப்பக்கம் மூன்றாவது பெஞ்சு. சுவரோரம் மியூரியல், பிறகு வெர்லின், பிறகு கத்பர்ட், நடைபாதை ஓரம் ஹோவர்டு. வெளியே போவதென்றால் இரண்டு ஆண்களின் முழங்கால்களைத் தாண்டவேண்டும். எதிர்ப்பக்கம் நோலன் தனியாக உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் ஒரு ஆள் இடம் விட்டு. யாரும் அந்த இடத்தில் உட்காரவில்லை. பாட்டு பாடும்போது வெர்லினுக்கு வாய் மட்டும்தான் அசைந்தது. இரவல் மோதிரத்தைக் கழற்றப் பார்த்தாள். விரல் வீங்கியிருந்தது.

பிரசங்கம் முடிந்தது. பாதிரியார் ஒரு தாளை எடுத்தார். அவருக்கும் எல்லாம் தெரியும்; வாசிப்பதற்கு முன் இடப்பக்கம் ஒருமுறை பார்த்து, பெருமூச்சு விட்டார்.

"இந்தப் பங்கைச் சேர்ந்த நோலன் எனோ என்பவருக்கும் வெர்லின் குவாஷி என்பவருக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டுள்ளது. இது மூன்றாம் அறிவிப்பு. இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே சொல்லவும்."

மியூரியலின் கை வெர்லினின் கைமேல் இருந்தது. அது அப்படியே நின்றது. வெர்லின் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். பெஞ்சு கிறீச்சிட்ட சத்தம் கேட்டது. ஹோவர்டு எழுந்து நின்றிருந்தார்.

"மன்னிக்கணும், ஃபாதர். நான் வெளியூர்க்காரன், பேசக்கூடாதுதான். ஆனா தெரிஞ்சும் சும்மா இருந்தா பாவம். இந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. அவ புருஷன் என் பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. ஆறு வருஷமா அவங்க மேசைல சாப்பிடுறோம்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து, அடங்கினார்கள். எத்தலின் விசிறியை முகத்தில் வைத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை போதும் இப்போது. அதைக் கத்பர்ட் சொல்லவேண்டும். பாதிரியார் அவனைப் பார்த்தார், ஹோவர்டு பார்த்தார், ஊரே பார்த்தது. கத்பர்ட் தொப்பியை முழங்காலில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

அப்போதுதான் வெர்லின் அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். திருட்டுமுழி இல்லை அது. ஆசை. வருடத்தில் ஒரு வாரம் அவன் வீட்டுக்காரனாக இருந்திருக்கிறான், அந்த ஒரு வாரத்துக்காக மீதி ஐம்பத்தோரு வாரம் காத்திருந்திருக்கிறான். தேதியைக் குறித்துக் கொடுத்து, இந்த நல்ல மனிதரைக் கூட்டிக்கொண்டுவந்து இந்தப் பெஞ்சின் ஓரத்தில் பூட்டுப்போல உட்காரவைத்தவன் அவன். அவளுக்கு இரக்கமும் வந்தது, அதைவிடப் பெரிய கோபமும் வந்தது. கோபம்தான் அவளை எழுப்பி நிறுத்தியது.

"ஃபாதர், அது பொய்," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "அவரு சொல்றது பொய் இல்ல, அவருக்குக் காட்டினது பொய். கத்பர்ட் எனக்குப் புருஷன் இல்ல. அஞ்சு வருஷமா ஒண்ணுமே இல்ல. இவங்க மனசு நோகுமேன்னும் சொல்லல, கடைக்கு ஆள் வராம போயிடுமேன்னும் சொல்லல. ரெண்டும்தான். மியூரியலம்மா, என்னை மன்னிச்சிடுங்க. அந்த விரிப்புல இருக்குற பேரு அப்பவே செத்துப்போச்சு."

மியூரியல் தன் கையை எடுத்துக்கொண்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அழுகிறாளா என்று தெரியவில்லை. கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு சின்னக் குரலில் கேட்டாள்: "அப்ப, செவ்வாய்க்கிழமை சாப்பாடு?"

"உண்டும்மா. நாலு நாற்காலிதான். நாலாவது ஆளு மட்டும் வேற."

ஹோவர்டு இன்னும் நின்றுகொண்டிருந்தார், வகுப்பில் தப்பான விடை சொன்ன பையனைப்போல. பாதிரியார் மெதுவாகக் கேட்டார்: "ஐயா, உங்க தடைய வாபஸ் வாங்கிக்கிறீங்களா?"

ஹோவர்டு குனிந்து கத்பர்ட்டிடம் கேட்டார். "நீங்க சொல்லுங்க, கத்பர்ட். நான் உங்களுக்காகத்தானே எந்திரிச்சேன்."

தொப்பி சுற்றுவது நின்றது. "உக்காருங்க, சார்," என்றான் கத்பர்ட். "நான் மீன் காட்டுறவன். அவ்வளவுதான்."

ஹோவர்டு உட்காரவில்லை, நடைபாதைக்கு இறங்கி ஒதுங்கி நின்றார். வெர்லின் எதிர்ப்பக்கம் காலியாக இருந்த அந்த ஒரு ஆள் இடத்தைப் பார்த்தாள். போவதற்கு இன்னும் ஒருவனைத்தான் தாண்டவேண்டும். அவள் கேட்கவில்லை, காத்து நின்றாள். கத்பர்ட் தலையைத் தூக்காமல், முழங்கால் இரண்டையும் பக்கவாட்டில் ஒடுக்கி, அவளுக்கு வழி விட்டான்.